ஒதுக்கிய பக்கம்

வாய்ப்புண்ணோடு வந்து உட்காருபவரிடம் அரசு மருத்துவமனைப் பல் மருத்துவர் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?" எதை ஒதுக்குவீர்கள் என்று கேட்க வேண்டியிருப்பதில்லை. வந்தவர் விரலால் ஒரு கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். பெரும்பாலும் புண்ணும் அந்தக் கன்னத்தின் உட்பக்கத்தில்தான் இருக்கும். உடலில் வரும் புற்றுநோய்களில் காரணமும் விளைவும் இவ்வளவு அருகருகே இருப்பது அரிது. நுரையீரலுக்குள் போன புகை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்கிறது. அதக்கிய புகையிலையோ வைத்த இடத்திலேயே தடம் பதிக்கிறது. வாயைத் திறந்தால் அந்தத் தடம் தெரியும். கைவிளக்கு ஒன்று போதும்.

தெரிகிற நோய் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகையிலையால் வாய்க்கு வரும் கேடு பற்றிய ஆய்வுகளில் முக்கியமானவை பல நம் பக்கத்தில், நம் மக்களின் வாயைப் பார்த்து எழுதப்பட்டவை. காரணம் தெரியும், முன்னறிகுறி தெரியும், தடுக்கும் வழியும் தெரியும். அப்படியிருந்தும் 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி உதட்டிலும் வாய்க்குழியிலும் புற்றுநோய் கண்டவர்கள் உலகெங்கும் 3,77,713 பேர். அவர்களில் 1,35,929 பேர் இந்தியர்கள். அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் இதனால் இறந்தவர்கள் 75,290 பேர். நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல்.

உலகம் புகையிலை என்றதும் சிகரெட்டை நினைக்கிறது. நம் நிலைமை வேறு. 2016–17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 28.6 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 26.7 கோடிப் பேர், ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள் என்றது. புகைப்பவர்கள் 10.7 சதவீதம். மெல்லுபவர்கள், அதக்குபவர்கள், ஈறில் தேய்ப்பவர்கள் 21.4 சதவீதம். புகைப்பவர்களைப் போல இரண்டு மடங்கு. இரண்டும் செய்பவர்கள் இரு கணக்கிலும் வருவார்கள். ஆகவே இந்த நாட்டில் புகையிலைப் பிரச்சினையின் பெரும்பகுதி நெஞ்சுக்கு இறங்குவதற்கு முன் வாயிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

"வெற்றிலை போடுவது நம் பாரம்பரியம், தாத்தா பாட்டி எல்லாம் போட்டார்களே" என்பது அடிக்கடி வரும் மறுமொழி. வெற்றிலையும் பாக்கும் இந்த மண்ணில் மிகப் பழையவைதான். ஆனால் புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகே அது இந்தியாவுக்குள் வந்தது. அக்பர் அவைக்கு அது புதுப்பொருளாகக் கொண்டுவரப்பட்டது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்து பார்த்தார், நிற்கவில்லை. தமிழகத்தில் அது எவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்பதற்குச் சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது' சான்று. பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பும் அந்த நூலை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். தாம்பூலத் தட்டில் புகையிலைக் காம்பு இடம்பிடித்தது நானூறு ஆண்டுகளுக்கு உள்ளேதான். அதைத் தொன்று தொட்ட வழக்கம் என்று சொல்வது வரலாற்றுப் பிழை.

இந்த வரலாற்றின் ஒரு கிளை நேராக மருத்துவமனைக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலைக்குப் பெரிய சந்தையாக இருந்தது திருவிதாங்கூர். டச்சுக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் கடல் கடந்து வந்த அந்தப் புகையிலையை மென்றவர்கள் தென் திருவிதாங்கூர் மக்கள். அந்தத் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், லண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய ஐ.எம். ஓர் என்ற மருத்துவர் தன்னிடம் வாய்ப் புற்றுநோயோடு வருபவர்களின் எண்ணிக்கையைக் கண்டு காரணம் தேடினார். நோயுற்றவர்களின் வெற்றிலைப் பழக்கத்தையும் நோயில்லாதவர்களின் பழக்கத்தையும் ஒப்பிட்டார். 1933இல் 'லான்செட்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. புகையிலை சேர்த்து மெல்வதும், அதிலும் இரவில் தூங்கும்போதும் வாயில் அதக்கி வைத்திருப்பதும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அவர் கண்டார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் எழுதியது 1950இல். நெய்யூர் அவர்களுக்குப் பதினேழு ஆண்டு முந்தியது.

சந்தேகம் அதற்கும் முன்பே எழுந்திருந்தது. சென்னையில் பணிபுரிந்த நிப்லாக் என்ற அறுவை மருத்துவர் 1902இலேயே இதை எழுதியிருந்தார். நெய்யூரில் ஓருடன் பணியாற்றியவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 ஆகிய இரு எவரெஸ்ட் முயற்சிகளிலும் பங்கேற்ற மலையேறி. 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டு அங்கேயே தங்கினார். அவரும் தென்னிந்திய வாய்ப் புற்றுநோயின் காரணங்களை ஆராய்ந்து எழுதினார். நெய்யூர் ஊர்க்காரர்களுக்குத் தெரியும் இந்தக் கதை மற்றத் தமிழர்களுக்குப் போதிய அளவு தெரியவில்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

தூக்கத்தில் அதக்குவது ஏன் அவ்வளவு கெடுதல்? விழித்திருக்கும்போது மெல்லுகிறோம், துப்புகிறோம், தண்ணீர் குடிக்கிறோம். உறங்கும்போது உமிழ்நீர் குறைகிறது. சாறு ஒரே இடத்தில் பல மணி நேரம் ஊறி நிற்கிறது. புகையிலை இலையைப் பதப்படுத்தும்போதும் நொதிக்கவைக்கும்போதும் அதில் உள்ள நிக்கோட்டினும் அதன் உறவுப் பொருள்களும் நைட்ரோசமைன்கள் என்ற சேர்மங்களாக மாறுகின்றன. இவற்றில் இரண்டு, ஆய்வாளர்கள் என்.என்.என்., என்.என்.கே. என்று குறிப்பவை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. சுண்ணாம்பு இதற்குக் கூட்டாளி. அது சாற்றின் காரத்தன்மையை ஏற்றுகிறது. காரம் ஏறினால் நிக்கோட்டின் சவ்வைத் தாண்டி வேகமாக இரத்தத்தில் கலக்கிறது. "சுள்ளென்று ஏறுது" என்று பழகியவர்கள் சொல்வது இந்த வேகத்தைத்தான். அதே சுண்ணாம்பு மென்சவ்வை அரித்து, நச்சுப் பொருள்கள் உள்ளே இறங்க வாசல் திறந்துவிடுகிறது. அரிப்பு, ஆறுதல், மறுபடி அரிப்பு என்று செல்கள் ஓயாமல் பெருகிப் பழுதுபார்க்கும் இடத்தில்தான் மரபணுக் கோளாறு நிலைத்துவிடுகிறது.

புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. முதலில் பெரும்பாலும் ஒரு வெண்படலம். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு. வலி இருக்காது, எரிச்சல்கூடச் சிலருக்கு இருக்காது. எல்லா வெண்படலமும் புற்றாவதில்லை. சிறு பங்கே மாறுகிறது. சிவந்த படலம் அதைவிடக் கொடியது. பரிசோதித்துப் பார்த்தால் அதற்குள் ஏற்கெனவே புற்று தொடங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த முன்னறிகுறிகளை ஊர் ஊராகப் போய் எண்ணிய பெருமை பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபாலி மேத்தாவுக்கும் டென்மார்க் நோயியல் அறிஞர் பிண்ட்போர்குக்கும் அவர்களோடு உழைத்த குழுவுக்கும் உரியது. 1960களின் பிற்பகுதியில் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், சிங்பூம், தர்பங்கா என்ற ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று 50,915 கிராமத்தவரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். புற்றும் முன்னறிகுறிகளும் ஏறக்குறைய முழுக்க முழுக்கப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடமே இருந்தன.

அந்த ஆய்வில் ஸ்ரீகாகுளம் தந்த பாடம் மறக்க முடியாதது. அந்தக் கடலோர ஆந்திரக் கிராமங்களில் பெண்கள் சுருட்டின் கனன்று எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். காற்றிலும் மழையிலும் வேலை செய்யும்போது நெருப்பு அணையாமல் இருக்கும் என்று காரணம் சொல்வதுண்டு. வேறெங்கும் அரிதாக வரும் மேலண்ணப் புற்று அங்கே சாதாரணமாக இருந்தது. சூடும் புகையும் எங்கே படுகிறதோ அங்கே நோய். கேரளத்தில் கன்னத்தில் அதக்குகிறவருக்குக் கன்னத்தில். பீகாரில் கீழுதட்டுக்குள் கைனி வைப்பவருக்கு உதட்டுப் பள்ளத்தில். ஸ்ரீகாகுளத்துப் பெண்ணுக்கு அண்ணத்தில். பழக்கத்தின் வரைபடமும் நோயின் வரைபடமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றன.

இந்த இடத்தில் நீண்டகாலம் ஓடிய ஒரு விவாதம் வருகிறது. குற்றவாளி புகையிலையா, பாக்கா? உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்த்த தாம்பூலத்தை மட்டுமே புற்றுநோய்க் காரணி என்று உறுதி செய்தது. புகையிலை இல்லாமல் போடலாம் என்று பலர் அதற்குப் பொருள் கொண்டார்கள். தைவான் அந்த நம்பிக்கையை உடைத்தது. அங்கே மெல்லும் தாம்பூலத்தில் புகையிலை சேர்ப்பதில்லை. ஆனாலும் ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் பெருகியிருந்தது. 2004இல் முகமை தன் முடிவைத் திருத்தி, பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று அறிவித்தது. ஆகவே விடை "இரண்டும்தான்" என்பது. புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கைத் தொடர்பவர் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். இதைச் சொல்லும்போது முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. மணவீட்டில் ஒரு முறை தாம்பூலம் போடுபவரைப் பற்றியல்ல இந்தப் பேச்சு. நாள்தோறும் பத்து முறை போடுபவரைப் பற்றியது.

பாக்குக்கே உரிய இன்னொரு கேடு வாய் இறுக்கம். பாக்கில் உள்ள அரிக்கோலின் முதலான பொருள்கள் சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்கி, அதைக் கரையவிடாமலும் தடுக்கின்றன. கன்னம் பலகைபோல் விறைக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. வாய் மெல்ல மெல்லச் சுருங்குகிறது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். அப்போது அது அபூர்வமாகவும் நடுவயதுக்காரர்களின் நோயாகவும் தோன்றியது. பிறகு பொட்டலம் வந்தது. பாக்குத் துண்டுகளையும் புகையிலையையும் மணப்பொருள்களோடு கலந்து, கெடாத சிறு உறைகளில் அடைத்து, ஓரிரு ரூபாய்க்குப் பள்ளி வாசல் வரை கொண்டுசேர்த்தார்கள். வெற்றிலை இல்லை, துப்ப எச்சில் படிக்கம் வேண்டாம், பெரியவர்களுக்குத் தெரியவும் வேண்டாம். இருபது வயதில் வாய் திறக்க முடியாத இளைஞர்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். நலமான வாய்க்குள் நம் கையின் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைய வேண்டும். இவர்களுக்கு ஒரு விரல் நுழைவதே பாடு. இறுகிய நார் முழுதாக இளகுவதில்லை. எர்ணாகுளத்தில் பதினேழு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் இவர்களில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்தது. அந்தப் புற்றைத் தொடக்கத்தில் கண்டுபிடிப்பதும் கடினம். திறக்காத வாய்க்குள் எப்படிப் பார்ப்பது?

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுவீடனில் ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலையை மேலுதட்டுக்குள் வைக்கிறார்கள். அங்கே வாய்ப் புற்றுநோய் நம் நாட்டைப்போல் இல்லை. இதைக் காட்டி, மெல்லும் புகையிலை அவ்வளவு கெடுதலில்லை என்று வணிகத் தரப்பில் பேசுவதுண்டு. ஸ்னூஸை நொதிக்க விடாமல் ஆவியில் பதப்படுத்துகிறார்கள், நைட்ரோசமைன் அளவு குறைவாக இருக்கும்படி கட்டுப்படுத்துகிறார்கள், பாக்கு இல்லை. நம் கடையில் தொங்கும் பொட்டலச் சரத்துக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தாது. சூடானில் தூம்பாக் என்ற பொருளில் நைட்ரோசமைன் அளவு மிக உயரம். அங்கே வாய்ப் புற்றும் மிகுதி. நம் பொருள்கள் சுவீடனுக்கு அருகே நிற்கவில்லை, சூடானுக்கு அருகே நிற்கின்றன. உரிமம், தரம், உட்பொருள் பட்டியல் எதுவுமின்றி விற்கும் பொருளுக்கு ஐரோப்பாவிலிருந்து நற்சான்று கடன் வாங்குவது ஏமாற்று.

புகைப்பவர்கள் வாய்க்குத் தப்பித்தவர்கள் அல்ல. பீடி புகைப்பவருக்கு வாய்ப் புற்று வரும் வாய்ப்பு புகைக்காதவரைப்போல் சுமார் மூன்று மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். பீடி அடிக்கடி அணைவதால் விடாமல் இழுக்க வேண்டும், வடிகட்டி கிடையாது. இதோடு மது சேரும்போது ஆபத்து ஒன்றோடொன்று கூடுவதில்லை, ஒன்றை ஒன்று பெருக்குகிறது. மது சவ்வை ஊடுருவத் தக்கதாக்கிப் புகையிலை நச்சுக்கு வழிவிடுகிறது. குடிக்கும்போது மட்டும் புகைப்பேன் என்பவர் இரண்டையும் மிக மோசமான வேளையில் சேர்க்கிறார்.

புற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அதைவிடப் பரவலான கேடு மறைந்துபோகும். அது ஈறு நோய். புகையிலை பயன்படுத்தும் பெரும்பாலோருக்குப் புற்று வராது. ஆனால் பல் போகும். நிக்கோட்டின் ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலையைக் கெடுக்கிறது. எலும்பு கரைவது வேகமாகிறது. இதில் உள்ள வஞ்சனை என்னவென்றால், ஈறு நோயின் முதல் எச்சரிக்கையான இரத்தக்கசிவு புகைப்பவரிடம் குறைந்துவிடுகிறது. பல் தேய்க்கும்போது இரத்தம் வராததால் "என் ஈறு நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பார். அடியில் எலும்பு போய்க்கொண்டிருக்கும். பல் ஆடும்போதுதான் மருத்துவரிடம் வருவார். 1988–94இல் நடந்த அமெரிக்கத் தேசிய உடல்நல ஆய்வின் தரவுகளில், புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு ஒருபோதும் புகைக்காதவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. அதே தரவுகள் நல்ல செய்தியையும் சொல்லின. புகையை விட்டுப் பதினோரு ஆண்டுகள் கடந்தவர்களுக்கு அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருந்தது.

அதக்குபவருக்கு ஈறு நோய் வேறு வடிவில் வருகிறது. ஒதுக்கிய பக்கத்தில் ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிகிறது. பல் கூசுகிறது. புகையிலையில் கலந்திருக்கும் மணலும் துகளும் பல்லின் மேற்பரப்பை அரைத்துத் தட்டையாக்குகின்றன. கறையும் துர்நாற்றமும் எல்லோருக்கும் தெரிந்தவை. சுவையும் மணமும் மங்குவதை உணர்பவர்கள் குறைவு. பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கு நாளாகிறது. பதித்த செயற்கைப் பல்வேர் எலும்போடு ஒட்டாமல் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது. இவை எதுவும் உயிரைப் பறிப்பதில்லை என்பதால் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஐம்பது வயதில் பாதிப் பல் இல்லாமல், முறுக்கும் கடலையும் கீரைத்தண்டும் தட்டில் ஒதுக்கிவைத்துவிட்டுச் சோற்றைக் குழைத்து விழுங்கும் வாழ்க்கை சிறிய இழப்பல்ல.

பல்வலியே சிலருக்குப் புகையிலையின் வாசலாக இருக்கிறது என்பது வேதனையான உண்மை. சொத்தைப் பல் வலிக்கும்போது ஒரு துண்டுப் புகையிலையை அங்கே வைத்தால் சற்று மரத்துப்போகும் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். வலி அடங்கியது போலிருக்கும். நிக்கோட்டின் தன் பிடியை இறுக்கிவிடும். மூக்குப்பொடியைப் பல்லிலும் ஈறிலும் தேய்க்கும் பெண்களும் பலர் இப்படித் தொடங்கியவர்கள்தான். மகாராஷ்டிரத்தில் கருக்கிய புகையிலையான மிஷ்ரி, பீகாரில் குல் என்று பல்பொடி வேடத்திலேயே புகையிலை வீட்டுக்குள் நுழைந்தது. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்து, சொத்தையை அன்றே அடைத்திருந்தால், பல்வலியில் தொடங்கிய அந்தப் பெண்களுக்குப் பொடி டப்பாவே தேவைப்பட்டிருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் நாற்காலி இருப்பது புகையிலைத் தடுப்பின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புற்று முற்றி வந்தவருக்கு நடப்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கன்னத்தோடு தாடை எலும்பின் ஒரு பகுதியை, கழுத்து நெறிக்கட்டிகளோடு சேர்த்து எடுக்க நேரிடும். காலின் சிற்றெலும்பை எடுத்துத் தாடையாக வளைத்துப் பொருத்துவார்கள். நெஞ்சுத் தசையைத் திருப்பிக் கன்னத்தை மூடுவார்கள். கதிர்வீச்சுக்கு முன்பு கெட்ட பற்களைப் பிடுங்கியாக வேண்டும். பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். கதிர்வீச்சில் உமிழ்நீர்ச் சுரப்பி வாடி, வாய் எப்போதும் உலர்ந்தே இருக்கும். பேச்சு குழறும். மருத்துவர்களின் திறமை இன்று வியக்கத்தக்கது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத சீரமைப்பு இன்று நடக்கிறது. ஆனால் சிறிய புண்ணாக இருக்கும்போது வந்திருந்தால் ஓர் எளிய அறுவையோடு போயிருக்கும். அந்த நிலையில் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் வருவது மூன்றாம், நான்காம் நிலையில்.

முன்கூட்டியே பார்ப்பதால் உயிர் காக்க முடியும் என்பதற்குத் திருவனந்தபுரம் சான்று தந்தது. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் தொடங்கிய ஆய்வில், 35 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,92,000 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறை சென்று வாயைப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல. கையில் இருந்தது வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும். சங்கரநாராயணன் குழுவினர் 2005இல் வெளியிட்ட முடிவுப்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களை இப்படிச் சோதிப்பதில் பயன் தெரியவில்லை. யாரைத் தேடிப் போகவேண்டும் என்பதையும் அந்த ஆய்வு தெளிவாக்கிவிட்டது. ஆரம்ப சுகாதார ஊழியர்களால் இதைச் செய்ய முடியும் என்று இலங்கையில் 1980களிலேயே காட்டியிருந்தார்கள். இலங்கை ஆண்களிடம் முதலிடம் பிடித்திருக்கும் புற்றுநோய் இதுதான். வெற்றிலை மென்றபடி நாள் முழுதும் மலைச்சரிவில் உழைக்கும் தோட்டத் தொழிலாளர் வாய்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பு யாரையும்விட அதிகம் தேவைப்பட்டது.

நம் நாட்டில் 30 வயதைக் கடந்த எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அரசு வழிகாட்டு நெறி 2016இல் வந்தது. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 30 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 0.9 சதவீதமும் ஆண்களில் 1.2 சதவீதமும் மட்டுமே வாழ்நாளில் ஒரு முறையாவது புற்றுநோய்க்காக வாயைக் காட்டியிருப்பதாகச் சொல்கிறது. நூறு பேரில் ஒருவர். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, மறைவிடம்கூட வேண்டாம். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா எண்களிலும் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

சட்டத்தின் கதை ஏறி இறங்கும் கதை. பாக்கும் புகையிலையும் கலந்த அந்தப் பொட்டலத்தை, அதாவது குட்காவை, முதலில் தடை செய்த மாநிலம் தமிழ்நாடு, 2001 நவம்பரில். 2004இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய தடைகள் செல்லாது என்றது. பிறகு, உணவுப் பொருளில் புகையிலையோ நிக்கோட்டினோ இருக்கக் கூடாது என்ற விதி 2011இல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2013 மே மாதம் தமிழ்நாடு மறுபடி தடை விதித்தது. ஆண்டுதோறும் புதுப்பித்தும் வந்தது. உற்பத்தியாளர்கள் பொருளை இரண்டாகப் பிரித்தார்கள். பான் மசாலா ஓர் உறையில், புகையிலை இன்னோர் உறையில். வாங்குபவர் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொள்ளலாம். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடையாணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இதற்கிடையே பெட்டிக்கடையில் பொருள் கிடைக்காத நாள் இருந்ததில்லை. விலை ஏறியது, விற்பவர் குரல் தாழ்ந்தது, அவ்வளவே. ஒரு மாநிலத்தில் தடை, பக்கத்து மாநிலத்தில் தொழிற்சாலை என்று இருக்கும்வரை சோதனைச் சாவடியால் இதை நிறுத்த முடியாது. விற்பனையிடத்தில் தடை செய்யும் அரசு உற்பத்தியிடத்தில் தொடாமல் விடுவது அரைகுறை வேலை. இலங்கை 2016இல் மெல்லும் புகையிலைப் பொருள்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை மூன்றையும் சேர்த்தே தடை செய்தது; சட்டம் எழுதுவதில் அதுவே சரியான முறை.

திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை விவசாயியையும், நெல்லை, தென்காசி, வேலூர்ப் பகுதிகளில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களையும் மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது. நாளெல்லாம் புகையிலைத் தூளைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். மாற்றுப் பயிருக்கும் மாற்று வேலைக்கும் அரசு பணம் ஒதுக்காமல் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

விடுவதால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, அதுவும் விரைவில். மேத்தா குழுவினர் எர்ணாகுளம் உள்ளிட்ட மூன்று இடங்களில் 36,000 புகையிலைப் பயனாளர்களிடம் பத்தாண்டுகள் நேரில் பேசியும் படம் காட்டியும் பழக்கத்தை விடச் சொன்னார்கள். விட்டவர்களிடமும் குறைத்தவர்களிடமும் வெண்படலம் புதிதாக வருவது குறைந்தது. பழக்கத்தை விட்ட சில வாரங்களிலேயே தானாக மறையும் வெண்படலங்களும் உண்டு. புகைப்பதை விட்ட ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் வாய், தொண்டைப் புற்று ஆபத்து பாதியாகிறது. விடுவது எளிதென்று சொல்லமாட்டேன். முதல் மூன்று நாள் கை நடுங்கும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். இரண்டு மூன்று வாரத்தில் தணியும். வீட்டார் அந்த நாள்களில் குத்திக்காட்டாமல் இருப்பதே பெரிய உதவி. புகையிலை உறையில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் கட்டணமில்லாதது. அழைத்தால் ஆலோசகர் பேசுவார்.

உங்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் பாட்டியோ, பொட்டலம் பிரிக்கும் தம்பியோ, பீடி குடிக்கும் அப்பாவோ இருந்தால், இன்று மாலை அவர்களை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கைப்பேசி விளக்குப் போதும். ஒதுக்கும் பக்கத்துக் கன்னம், நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடி, உதட்டின் உட்புறம், மேலண்ணம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், மூன்று விரல் நுழையாவிட்டால், வலிக்கவில்லை என்று அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். மறுநாள் காலையிலேயே பக்கத்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.